கால் மடங்கிப் பிறந்த காளைக்கன்றை வளர்ப்பது எப்படி

கன்று தரையில் விழுந்ததும் எல்லார் கையும் முதலில் வாலைத்தான் தூக்கும். கிடாரி என்றால் முகம் மலரும். காளை என்றால் "சரி, உயிரோடு இருக்கிறதே" என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் காளைக்கன்று எழப் பார்த்து, முன்னங்கால்கள் கணுவில், அதாவது குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டில், மடங்கி முகம் குப்புற விழும்போது அந்தச் "சரி"யும் வாயில் வராது. பால் தரப்போகாத கன்று, அதிலும் நிற்க முடியாத கன்று. தொழுவத்தில் இதைவிடக் கேட்பாரற்ற பிறவி வேறு கிடையாது.

இருபத்திரண்டு வருடங்களாகக் கறவை மாடு வைத்திருக்கிறேன். இப்படிப் பிறந்த காளைக்கன்றுகள் இரண்டு என் கைக்கு வந்தன. முதல் கன்று பதினாறாம் நாள் இறந்தது. அதைக் கால் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று இன்றைக்கும் சொல்வேன். பிறந்த அன்று மாலை முழுவதும் அதன் காலை நீவுவதும் துணி சுற்றுவதுமாக இருந்தேன். தாய் நக்கிக்கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. கன்றின் மூக்கு மடிப்பக்கம் நீண்டிருந்தது. "குடித்திருக்கும்" என்று நினைத்துவிட்டேன். குடிக்கவில்லை என்று தெரிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்போது கொடுத்ததும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இரண்டாவது வாரத்தில் முட்டி வீங்கிச் சுட்டது, தொப்புள் நாறியது. மடங்கியிருந்த கணுவோ அதற்குள் ஏறக்குறைய நேராகிவிட்டிருந்தது!

இரண்டாவது கன்றுக்கு வில்லன் என்று பெயர். வில்லைப் போல வளைந்த கால் என்பதால் என் கொழுந்தனார் வைத்த பெயர். அவன் பிழைத்தான். கீழே எழுதுவதில் பாதி அவனிடம் கற்றது, மீதி முதல் கன்றிடம்.

காலை விடுங்கள், பாலைப் பாருங்கள்

மாட்டின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் வரவேண்டும். அதை உள்ளே வாங்கும் வழி குடலில் பிறந்த நிமிடத்திலிருந்தே குறுகத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் அடைபட்டுவிடும். மடங்கிய கால் நாளைக்கும் மடங்கித்தான் இருக்கும், நாளை மறுநாளும் நீவலாம். சீம்பாலுக்கு நாளை கிடையாது.

கணக்கு எளிது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி உள்ளே போயிருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னும் 2 லிட்டர். எடை தெரியவில்லை என்றால், ஆள் எடை பார்க்கும் தராசில் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். வில்லன் 43 கிலோ. எனக்கு அன்றிரவு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

கன்று எழுந்து குடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மடியைக் கழுவித் துடைத்துக் கறந்து, கன்றின் உடல் சூட்டுக்கு, அதாவது 38 முதல் 40 டிகிரிக்குள் புட்டியில் கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கன்றுக்கு ஒரு மடக்குக்கூடக் கொடுக்கக்கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சு தரையில் படியும்படி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டை முட்டுக்கொடுத்து, தலை வயிற்றைவிடச் சற்று உயர்ந்து கழுத்து நீண்டிருக்கும்படி பிடியுங்கள். தாயின் மடியை எட்டும் கன்று நிற்பது போலவே இருக்கவேண்டும். தலையை அளவுக்கு மீறி அண்ணாத்திவிடுவதும் ஆபத்துதான்.

விரலை வாயில் வைத்துப் பாருங்கள். இறுக்கி உறிஞ்சினால் புட்டி போதும். உறிஞ்சவே இல்லை என்றால் உணவுக்குழாய் வழியாகக் குழல் போட்டுக் கொடுக்கவேண்டும். இதைப் பழகிய ஒருவர் செய்வதை முதலில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். குழல் இறங்கியபின் கழுத்தைத் தடவினால் இரண்டு குழாய்கள் தட்டுப்பட வேண்டும்: ஒன்று கன்றின் மூச்சுக்குழல், மற்றொன்று நீங்கள் இறக்கியது. ஒன்று மட்டும் தட்டுப்பட்டால் குழல் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது. பாலை ஊற்றாமல் வெளியே இழுத்துவிடுங்கள்.

விரலை வாயில் விடும்போதே மேல் அண்ணத்தையும் ஒரு முறை தடவிவிடுங்கள். கால் வளைந்து பிறக்கும் கன்றுகள் சிலவற்றுக்கு அண்ணமும் பிளந்திருக்கும். குடித்த பால் மூக்கால் வழிவதும் அதன் அடையாளம். அப்படி இருந்தால் கதை வேறு, பின்னால் சொல்கிறேன்.

தொப்புள்

எல்லாக் கன்றுக்கும் தொப்புளில் அயோடின் வைக்கவேண்டும் என்பது தெரிந்ததுதான். கால் மடங்கிய கன்றுக்கு ஏன் இருமடங்கு கவனம் என்பதைக் கேளுங்கள். நல்ல கன்று நின்றுவிடும். நமது கன்று நகரும்போதெல்லாம் தவழ்கிறது. ஈரமான தொப்புள்கொடி சாணத்திலும் மூத்திரத்திலும் தேய்ந்துகொண்டே வருகிறது. அந்த வழியாக ஏறும் கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டுகளில் போய் உட்காரும். என் முதல் கன்றின் முட்டி வீங்கியது இப்படித்தான்.

சிறு கிண்ணத்தில் 7 சதவீத அயோடின் டிங்சரை ஊற்றி, கொடி முழுவதும் அடிவரை முங்கும்படி வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். மேலாக இரண்டு சொட்டு தெளிப்பது கணக்கில் வராது. அரை நாள் கழித்து மறுபடியும். கொடி காய்ந்து சுருங்கும்வரை காலையும் மாலையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த குச்சி போல ஆகிக்கொண்டே வந்தால் நிம்மதி. கட்டைவிரலைவிடத் தடித்து, ஈரமாக, சூடாக இருந்தால் டாக்டர் அன்றைக்கே வரவேண்டும்.

இனி காலைப் பாருங்கள், கண்ணால் அல்ல, கையால்

வயிறு நிறைந்து, உடல் காய்ந்து, கன்று அசந்து படுத்திருக்கும் நேரம்தான் காலைப் பார்க்க நல்ல நேரம். "கால் சரியில்லை" என்பது ஒரு நோய் அல்ல. ஆறேழு விதமான கோளாறுகளுக்கு நாம் வைக்கும் ஒரே பெயர். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும்.

அடிக்கடி வருவது நாண் சுருக்கம். காலின் பின்புறம் ஓடும் தசைநாண்கள் குட்டையாக இருக்கும். பெரும்பாலும் முன்னங்கால்களில்தான். பெரிய கன்று, இடுக்கமான கருப்பை, மடங்கியே கிடந்த நாட்கள் என்று காரணம் சொல்வார்கள், பரம்பரையாக வருவதும் உண்டு. வில்லில் நாணை இழுத்துக் கட்டினால் கழி வளைவதுபோலக் கணு முன்னால் துருத்தி, குளம்பு பின்னால் மடங்கும். என் கொழுந்தனார் விளையாட்டாக வைத்த பெயரில் இத்தனை பொருத்தம் இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

சோதிப்பது இப்படி. கன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கையால் கணுவுக்கு மேலுள்ள எலும்பைப் பிடித்து, மறு கையால் குளம்பை முன்னோக்கி மெல்ல நீட்டுங்கள். நீளுகிறதா? எவ்வளவு தூரம்? பிறகு முன்முட்டியை மடக்கிவிட்டு அதே கணுவை நீட்டிப் பாருங்கள். முட்டி மடங்கியதும் கணு இலகுவாக நீண்டால் குற்றம் நாணில். முட்டியை மடக்கும்போது நாண் தளர்கிறது, அதனால்தான் விடுகிறது. முட்டியை மடக்கினாலும் மடக்காவிட்டாலும் கணு மரக்கட்டைபோல ஒரே நிலையில் நின்றால் மூட்டே இறுகிப் பிறந்திருக்கிறது. அதை உங்கள் பலத்தால் திறக்கப் பார்க்காதீர்கள், எலும்பு ஒடியும்.

நாண் சுருக்கத்திலும் படிகள் உண்டு. நுனிக்குளம்பில் நிற்கிறது, குதிப்பகுதி தரையில் படவில்லை, ஆனாலும் நடக்கிறது என்றால் பெரும்பாலும் சில நாட்களில் நடந்து நடந்தே சரியாகிவிடும். நடக்கும்போது கணு முன்னால் குத்திக்கொண்டு விழுகிறது, ஆனால் கையால் நீட்டினால் நீளுகிறது என்றால் நீவலும், காலை நேராக நிறுத்த வைத்துக்கட்டும் சிம்பும் தேவை. கையால் நீட்டியும் பாதி தூரம்கூட வரவில்லை என்றால் நாணை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும்.

இதற்கு நேர் எதிரானது ஒன்றுண்டு. நாண் தளர்ந்து, கணு தரையை நோக்கி இறங்கி, குளம்பின் நுனி வானத்தைப் பார்க்கும். நாள் நிறையாமல் பிறந்தவற்றில் காணலாம். இதற்குச் சிம்பு கட்டவே கூடாது. கட்டினால் தளர்ந்த தசை இன்னும் தளரும். வழுக்காத கெட்டித்தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிட்டால் போதும், வலு தானே ஏறும்.

ஈற்றில் இழுத்துப் பிடுங்கிய கன்று என்றால் சந்தேகம் வேறு பக்கம் போகவேண்டும். கயிறோ சங்கிலியோ கட்டிய இடத்துக்கு மேலே வீக்கம், தொட்டால் துடிப்பு, கால் தொங்குவது, அசைத்தால் நறநறப்பு இருந்தால் எலும்பு முறிவு. பயந்துவிடாதீர்கள். முன்னங்காலின் கீழ் எலும்பு முறிந்த கன்றுகள் மாவுக்கட்டில் நன்றாகவே கூடிவிடுகின்றன, இளம் எலும்பு சீக்கிரம் ஒட்டும். இடுப்பு மாட்டிக்கொண்டு வெகுநேரம் தவித்துப் பிறந்த பெரிய காளைக்கன்றுகளுக்குப் பின்னங்கால் நரம்பு இழுபட்டுவிடுவதும் உண்டு. எடை வைத்ததும் தொடை தாங்காமல் கால் சரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் தொடையின் முன்பக்கச் சதை வற்றிக் குழிந்துவிடும். இதில் நீவலுக்கு வேலை குறைவு, டாக்டருக்கு வேலை அதிகம்.

கடைசியாக, பிறந்தபோது நன்றாக நடந்த கன்று ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ நொண்டினால் அது பிறவிக் கோளாறு அல்ல. மூட்டைத் தொடுங்கள். வீக்கமும் சூடும் இருந்து, உடல் வெப்பம் 39.5 டிகிரியைத் தாண்டியிருந்தால் மூட்டில் சீழ். கன்றின் இயல்பான வெப்பமே 38.5 முதல் 39.5 வரைதான். இதில் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் மூட்டு திரும்பாமல் போகலாம். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

நீவுவது

வில்லனைப் பார்க்க வந்த டாக்டர் இரண்டு காலையும் நீட்டிப் பார்த்துவிட்டு, "இடதுகால் தானே வரும். வலதுகாலுக்கு இரண்டு நாள் கொடுங்கள், பிறகு முடிவு செய்வோம்" என்றார். அந்த இரண்டு நாளும் கைவேலைதான்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காலின் பின்புறம் ஐந்து நிமிடம் சுற்றிவையுங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறம் தாங்கும் சூடுதான் அளவு. பிறகு முட்டியை நேராக வைத்துக்கொண்டு, குளம்பை முன்னோக்கி நீட்டி, மனதுக்குள் முப்பது எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள். நாண் இழுபடுவது விரலுக்குத் தெரியவேண்டும், ஆனால் கன்று காலை உதறக்கூடாது. உதறினால் நீங்கள் வைத்தியம் செய்யவில்லை, வதைக்கிறீர்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. புட்டி கொடுத்து முடித்த கையோடு செய்தால் கன்று தூங்கி வழிந்துகொண்டே காலைக் கொடுக்கும். மறந்துபோகவும் மாட்டீர்கள்.

ஒவ்வொரு நீவலுக்குப் பிறகும் எழுப்பி நிற்கவையுங்கள். வயிற்றுக்குக் கீழே அகலமான துணியைக் கொடுத்து இருவர் பிடித்தால் சுலபம். துணி தாங்குவது விழாமல் இருக்க மட்டும், எடையைக் கன்றின் கால்தான் தாங்கவேண்டும். சொந்த எடை அழுத்தும்போது நாண் நீள்வதுபோல எந்தக் கை நீவினாலும் நீள்வதில்லை. முதல் நாள் இரண்டு நிமிடம் நின்றால் பெரிது. நின்றபின் கணுவின் முன்பக்கத் தோலைப் பாருங்கள். குத்திக்குத்தி நடக்கும் கன்றுக்கு அங்கேதான் தோல் உரியும். அந்த இடத்தில் தோலுக்கும் மூட்டுக்கும் நடுவே சதையே கிடையாது. சிராய்ப்பு ஆழமானால் நேரே மூட்டுக்குள் கிருமி போகும். தோல் சிவந்த அன்றே மெத்தென்று பஞ்சு வைத்துச் சுற்றிவிடுங்கள்.

வில்லனின் இடதுகால் ஐந்தாம் நாள் தரையில் பதிந்தது. வலதுகால் அடம்பிடித்தது.

சிம்பு கட்டுவது

இதை டாக்டர் ஒருமுறை கட்டிக்காட்டிய பிறகே நீங்கள் தொடரவேண்டும். காரணம், கட்டுவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது.

சிம்புக்கு நான் பயன்படுத்தியது நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பிவிசி குழாய். பஞ்சு சுற்றிய கால் அதற்குள் பாதி பொதிந்து உட்காரும் அகலம் இருக்கவேண்டும். கணுவுக்கான சிம்பு முன்முட்டிக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் குளம்பின் நுனிவரை இறங்கவேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் அதன் விளிம்பு நெம்புகோல்போல ஒரே இடத்தைக் குத்தும். வெட்டிய விளிம்பு முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேல்நுனியைச் சூடாக்கி வெளிப்பக்கமாகச் சற்று விரித்துவிடுங்கள். என் கொழுந்தனார் தேய்த்துக் கொடுத்துவிட்டு "போதுமா அண்ணி?" என்றார். உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், உறுத்தாவிட்டால் போதும் என்றேன். இரண்டு தடவை திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வந்தார்.

முதலில் கால் உலர்ந்திருக்கவேண்டும், ஒரு துளி ஈரம் கூடாது. பஞ்சுச் சுருளை மேலிருந்து கீழாக, சுருக்கம் விழாமல், இரண்டு விரல் கனத்துக்குச் சுற்றுங்கள். கணுவுக்குப் பின்னால் இருக்கும் சிறு குளம்புகள் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். அவற்றின் மேல் பஞ்சை அழுத்திவைக்காமல், சும்மாடுபோல வளையமாகச் சுருட்டிச் சுற்றிலும் வைத்தால் அழுத்தம் அவற்றின் மேல் இறங்காது. சிம்பின் மேல்நுனி, கீழ்நுனி இரண்டிலும் பஞ்சு சிம்பைத் தாண்டி வெளியே தெரியவேண்டும். சிம்பைக் காலின் பின்பக்கம் வைத்து, ஒருவர் குளம்பை நீட்டிப் பிடிக்க, மற்றவர் கட்டுத்துணியைச் சீரான இறுக்கத்தில் சுற்றவேண்டும். எவ்வளவு நீளுகிறதோ அந்த அளவில்தான் கட்ட வேண்டும். முழுக்க நேராக்கி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இழுத்துக் கட்டினால் தோல் பதில் சொல்லும்.

எனக்குச் சொன்ன முறை: பகலில் கட்டு, இரவில் அவிழ். காலையில் கட்டியபின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். குளம்பின் மேல்விளிம்பு சில்லிட்டிருக்கிறதா, கட்டுக்கு மேலே வீங்கியிருக்கிறதா, கட்டு நனைந்திருக்கிறதா, கன்று கட்டைக் கடித்து இழுக்கிறதா, வழக்கத்தைவிட மந்தமாகப் பால் குடிக்கிறதா. இதில் எது இருந்தாலும் அவிழ்த்துவிடவேண்டும். "மாலையில் அவிழ்க்கத்தானே போகிறோம்" என்று நினைத்தால் போச்சு.

கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடிக்கும் என்பதையும் சொல்கிறேன். சிம்பு கட்டத் தொடங்கிய நான்காம் நாள் இரவு இன்னொரு மாடு ஈற்று நோவில் கிடந்தது. வில்லனின் கட்டை அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோதே புளித்த வாடை வந்தது. அவிழ்த்தால், சிறு குளம்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. ஓர் இரவின் சோம்பலுக்கு நான்கு நாள் சிம்பு இல்லாமல் இருக்க நேர்ந்தது. அந்த நான்கு நாளில் கணு பாதி பின்வாங்கிவிட்டது. மறுபடி தொடங்கி, பதினாறாம் நாள் குளம்பு முழுதாகத் தரையில் பதிந்தது. பதினாறாம் நாள் என்பதை நான் மறக்கமாட்டேன் என்பது உங்களுக்குப் புரியும்.

படுக்கையும் தரையும்

நிற்க முடியாத கன்று நாளில் பெரும்பகுதி படுத்தேதான் இருக்கும். வைக்கோல் அதன் கால்கள் மறையும் அளவுக்கு ஆழமாக, உலர்ந்திருக்கவேண்டும். உலர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். முழங்காலை ஊன்றி இருபது விநாடி இருந்து எழுந்திருங்கள். துணி நனைந்திருந்தால் மாற்றவேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கன்றைப் பக்கம் மாற்றிவிடுங்கள், ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பெலும்பிலும் முட்டியிலும் புண் வைக்கும்.

நடை பழகும் இடம் வேறாக இருக்கவேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆழ வைக்கோலில் குளம்பு நுனி சிக்கி, கணு மறுபடி மறுபடி மடங்குகிறது. கெட்டியான மண்தரை அல்லது ரப்பர் விரிப்பு நல்லது. வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டவே வேண்டாம். அதில் கால் அகன்று விழுந்தால் புதிதாக ஒரு நோயை நாமே உண்டாக்கிவிடுவோம்.

தண்ணீர், தீனி விஷயத்தில் ஒன்று மட்டும். நொண்டிக் கன்று தாகம் எடுத்தாலும் வாளியைத் தேடி நடக்காது. அதனால் வாளி கன்றைத் தேடிப் போகவேண்டும், படுத்தபடியே எட்டும் உயரத்தில். முதல் வாரத்திலேயே தண்ணீரும், ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும் பக்கத்தில் இருக்கட்டும். பால் நாளொன்றுக்கு 6 முதல் 8 லிட்டர், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. காளைக்கன்றுதானே என்று பாலைக் குறைக்கிறவர்கள் நிறையப் பேர். பட்டினி போட்ட கன்றுக்குத் தசை ஏறாது, தசை ஏறாத காலில் சிம்பு கட்டியும் பயன் இல்லை. பால் மறக்கடிப்பதை எட்டாவது வாரத்துக்கு முன் நினைக்கவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தீவனம் தின்கிறதா என்று பார்த்துவிட்டு மெல்லக் குறையுங்கள்.

கழிச்சல் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பாலுக்குப் பதிலாக அல்ல, பாலுக்கு இடையே கூடுதலாகக் கொடுங்கள். ஈரக் கழிச்சலில் கிடக்கும் கன்றின் கட்டை அன்று முழுவதும் அவிழ்த்தே வைத்திருங்கள்.

ஊசி விஷயம்

தொழுவத்து அலமாரியில் மிச்சமிருக்கும் புட்டிகள்தான் கன்றுக்குப் பெரிய எதிரி. சுருங்கிய நாணைத் தளர்த்த ஆக்சிடெட்ராசைக்ளின் மருந்தை அதிக அளவில் இரத்தக்குழாயில் ஏற்றும் முறை உண்டு. அதே அளவு, உடலில் நீர் குறைந்த கன்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வலி மருந்தும் அப்படித்தான். செலீனியம் என்ற தாதுச்சத்து குறைந்தால் தசை வலுவிழக்கும் என்பது உண்மை, ஆனால் செலீனியம் கூடினால் நஞ்சு. இவற்றில் எதையும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று போடாதீர்கள்.

இறுகிய மூட்டுகளும், முறுக்கிய முதுகும், பிளந்த அண்ணமும் சேர்ந்து பிறந்த கன்றைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். தாய் சினையாக இருந்தபோது தொற்றிய வைரசாலோ, மேய்ந்த நச்சுச் செடியாலோ இப்படி நேர்வதுண்டு. அதற்கு நீவலும் இல்லை, சிம்பும் இல்லை. வலியை நீட்டாமல் முடித்துவைப்பது பற்றி டாக்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பத்து நாள் பால் கொடுத்துப் பெயரும் வைத்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கடினம். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அடுத்த ஈற்றுக்கு உதவும்.

காளை என்பதை மறக்காதீர்கள்

இத்தனை நாள் மடியில் போட்டு நீவி, கட்டிப்பிடித்துத் தூக்கி, புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கன்று மனிதரைப் பார்த்து ஓடாது. கிடாரி என்றால் அது வரம். காளை என்றால் ஆபத்து. மற்ற மாடுகளோடு சேராமல் கையில் வளர்ந்த கறவை இனக் காளை, பெரிதானபின் மனிதரைத் தன் இனத்துப் போட்டியாளனாக எண்ணி முட்டும். ஒரு மாதக் கன்று விளையாட்டாகத் தொடையில் முட்டும்போது சிரிப்பாக இருக்கும். அதே விளையாட்டை ஐநூறு கிலோ உடம்போடு நினைத்துப் பாருங்கள்.

அதனால் நடை வந்த மறுநாளே வில்லனை மற்றக் கன்றுகளோடு விட்டேன். இரண்டு நாள் அவற்றிடம் இடிவாங்கினான், மூன்றாம் நாள் அவனும் இடித்தான். நெற்றியைச் சொறிந்துவிடுவதை நிறுத்தினேன், தாடைக்கு அடியில் மட்டும். காயடிப்பதும் கொம்புக்குருத்தை நீக்குவதும் கால் தேறியபின் வெவ்வேறு நாளில், மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டரே செய்தார். பிறவியிலேயே கால் மடங்கிய காளையை இனவிருத்திக்கு விடவே கூடாது, எவ்வளவு அழகாக வளர்ந்தாலும். நாண் சுருக்கம் பரம்பரையாகவும் வரலாம் என்று முன்னமே சொன்னேன்.

வில்லனுக்கு இப்போது ஏழு மாதம். வலது முன்குளம்பின் நுனி மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்கிறது, குதிப்பக்கம் உயர்ந்துவிடுகிறது. குதிப்பக்கத்தைச் செதுக்கித் தாழ்த்திவிட்டால் மறுபடி சமமாக நிற்கிறான். போன வாரம் செதுக்கும்போது பழைய புண் இருந்த இடத்தில் கை பட்டது. அங்கே மட்டும் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது.